மணிக்கூடு கழற்றுகிறவர்

மார்க்ஸ் டோர்மோய், பாரிஸ்
10.02.2016

தம்பி பிரசாந்தனுக்கு அண்ணன் தவரத்தினம் எழுதுவது.

இங்கே நான், அண்ணி, மிருணாளினி மூவரும் சுகம். நீயும் வசந்தரூபியும் ஆர்ஜொந்தெய்யில் சுகம் என்பதைக் கேட்காமலே அறிந்துகொண்டேன். மேடையில் ஏறி ஆடுகிறவனுக்குச் சுகத்தில் என்ன குறை இருக்கப்போகிறது. தொலைபேசி எடுத்தால் நீ பதில் சொல்வதில்லை. கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்த ஐயாவின் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதவும் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை லா சப்பலில், தண்டவாளத்துக்குப் பின்னால் இருக்கிற பழைய களஞ்சியத்தில் நீ ஆடினாயாம். அதைக் கலைக்கூடம் ஆக்கியிருக்கிறார்கள் என்று தெரியும். சலங்கை இல்லை, பாட்டு இல்லை, வெறுங்காலுடன் நிலத்தில் உருளுவார்களாம். அதற்குத் தற்கால நடனம் என்று பெயராம். உருளு, யார் வேண்டாம் என்றது. ஆனால் கடைசியில் நீ தனியாக வந்து ஒரு ஆளை ஆடிக் காட்டினாயே, அந்த ஆள் யார்?

மறுநாள் காலை என் கடையில் சனம் நிறைந்து நின்ற நேரம், வேலைக்கு நிற்கிறவர் வெண்டிக்காய்ப் பெட்டிகளை மழையில் விட்டுவிட்டார். நான் அவரைக் கூப்பிட்டேன். வழக்கம்போல கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைக் கழற்றித் தராசுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவ்வளவுதான். பக்கத்துக் கடை மரியரட்ணம் வாசலில் நின்று, "ஒருத்தரும் அசையாதேங்கோ, அண்ணை டான்ஸ் துவங்கிறார்" என்றார். முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மழையில் பெட்டியை விட்டவரும் சேர்ந்து சிரித்தார். ரூ பெர்தொனே தெருவில் இத்தனை வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். என் வாசலில் என்னைப் பார்த்து ஒருவரும் சிரித்ததில்லை.

வருகிற ஆனி மாதம் அதே ஆட்டம் முழுதாக நடக்கப்போகிறதாம். அதில் அந்தப் பகுதி இருக்கக் கூடாது. இதை வேண்டுகோளாக எழுதவில்லை.

குளிர் காலம், உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
தவரத்தினம்


ஆர்ஜொந்தெய்
21.02.2016

மதிப்புக்குரிய அண்ணைக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எனக்குச் சுகம். வசந்தரூபிக்குக் கொஞ்சம் தடிமன், மூக்கடைப்பு. அண்ணியின் முழங்கால் நோ எப்படி என்று கேட்டு எழுதச் சொன்னாள்.

உங்களிடம் வேலையை விட்ட பிறகுதான் அந்தக் கலைக்கூடத்துக்குப் போகத் தொடங்கினேன். நடனம் தெரியத் தேவையில்லை, இந்தப் பகுதியில் வேலை செய்கிறவர்கள் வரலாம் என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமைகளில் நான் வேலை செய்கிற உணவகத்தின் சமையலறை பூட்டு. அதனால் போனேன். நடனத்தை அமைக்கிற அன்-லோர் என்ற பெண்மணி எங்களிடம் கேட்டது ஒன்றுதான். உங்கள் உடம்புக்கு மனப்பாடமாகிப்போன இன்னொருவரின் அசைவு ஒன்றைக் கொண்டுவாருங்கள் என்றார். ரயில் நிலையத்தைக் கூட்டித் துடைக்கிற பெண் ஒருத்தி மா பிசைகிற கையைக் கொண்டுவந்தாள். அல்ஜீரியாக்கார முதியவர் ஒருவர் சிகரெட் பற்றவைக்கிற ஒரு மேற்பார்வையாளரைக் கொண்டுவந்தார். அசைவு யாருடையது என்று ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. அதுதான் அங்கே ஒழுங்கு.

நான் கொண்டுபோனது இது. ஒருவர் நடந்து வருகிறார், நிற்கிறார். அவசரப்படாமல் மணிக்கூட்டின் பட்டியைக் கழற்றுகிறார். குனிந்து அதைத் தரையில் வைக்கிறார். நிமிர்கிறார். சுற்றி நிற்கிற மற்றவர்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் நடப்பதில்லை. விளக்கு அணைகிறது.

இதில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது? லா சப்பலில் மணிக்கூடு கட்டுகிறவர் நீங்கள் ஒருவர்தானா? மரியரட்ணம் அண்ணை சிரித்தால் அதை அவரிடம் கேளுங்கள். என்னிடம் கேட்காதீர்கள்.

அந்தப் பகுதி இருக்கும்.

அண்ணிக்கும் மிருணாளினிக்கும் எங்கள் அன்பு.

தம்பி
பிரசாந்தன்


மார்க்ஸ் டோர்மோய்
25.02.2016

பிரசாந்தனுக்கு,

அண்ணியின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. வசந்தரூபிக்குக் கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொல்.

என் பெயர் எங்கே என்று கேட்கிறாய். அந்த ஆட்டத்துக்கு என் மகளும் போயிருக்கிறாள், எனக்குச் சொல்லாமல். நேற்றுச் சாப்பிடும்போதுதான் தெரிந்தது. "சித்தப்பா என்ன ஆடினவர்?" என்று கேட்டேன். சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி "செ துவா, பப்பா" என்றாள். அது நீங்கள்தான் அப்பா என்று. என் வீட்டில் என் சோற்றைத் தின்றுகொண்டு சொல்கிறாள். இனி உனக்குப் பெயர் வேறு எழுதிக் காட்ட வேண்டுமா?

நீ வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் நின்றவன் நான். உன் அகதி விசாரணைக்கு வழக்கறிஞரிடம் கூட்டிக்கொண்டு போனவன் நான். என் வீட்டு விறாந்தையில் பாய் விரித்துத் தந்து, கடையில் வேலையும் தந்து, பெண் பார்த்துக் கல்யாணமும் செய்து வைத்தேன். அதற்குக் கைமாறாக என்னைக் கூத்தாடியிருக்கிறாய். கூத்தாடி என்ற சொல் உனக்கு இனிமேல் வலிக்காது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. நாட்காட்டியைப் பார்த்தேன். உன் பெரிய ஆட்டம் ஆனி 26ஆம் திகதி, ஞாயிறு. யூன் மாதத்தைச் சொல்கிறேன். அன்றுதான் ஐயாவின் திதி. ஐயா கண்ணை மூடிய காலத்தில் வதிவிடப் பேப்பர் இல்லாமல் நீயும், அங்கே போகத் துணிவில்லாமல் நானும் இங்கே நின்றோம். அதற்காகவே ஒரு வருடமும் தவறாமல் ஐயரை வீட்டுக்கு அழைத்துத் திவசம் கொடுக்கிறேன், நீ எனக்குப் பக்கத்தில் நிற்கிறாய். இந்த முறை அந்தப் பகுதியை ஆடுவதாக இருந்தால் என் பக்கத்தில் நிற்க வராதே. இந்த வருடம் மட்டுமில்லை, எந்த வருடமும் வராதே. எனக்குத் தம்பி இல்லை என்று ஊருக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

யோசித்துப் பதில் எழுது.

தவரத்தினம்


ஆர்ஜொந்தெய்
17.03.2016

மதிப்புக்குரிய அண்ணைக்கு,

வசந்தரூபிக்குச் சுகம். கொத்தமல்லிக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

யோசிக்கச் சொன்னீர்கள், யோசித்தேன். அதனால்தான் பதில் தாமதம். நாள் தெரியாமல் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஐயாவின் திதி என்று தெரிந்துதான் ஓம் என்றேன். அது ஏன் என்று இப்போது எழுதமாட்டேன்.

நீங்கள் எனக்குச் செய்ததெல்லாம் உண்மை. விறாந்தையும் உண்மை, பாயும் உண்மை. அந்த விறாந்தையில் படுத்துக்கொண்டு, நீங்கள் வேலை முடிந்து படியேறி வருகிற சத்தத்துக்கு நான் கண்ணை மூடித் தூங்குகிற மாதிரிக் கிடந்ததும் உண்மை. கடையில் நீங்கள் ஒருவரையும் அடித்ததில்லை. அதையும் நான் எங்கேயும் சொல்லத் தயார். உங்களுக்கு அடிக்கத் தேவைப்படவில்லை. மணிக்கூட்டைக் கழற்றித் தராசுக்குப் பக்கத்தில் வைத்ததும் நாங்கள் எல்லோரும் எங்கள் பிழையை நாங்களே தேடத் தொடங்குவோம். பிழை செய்யாதவனும் தேடுவான்.

மிருணாளினியைக் கோபிக்காதீர்கள். அதைவிட ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை வீட்டில் மணிக்கூட்டைக் கழற்றும்போது அவள் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். குளிப்பதற்குக் கழற்றினாலும் பாருங்கள்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பிரசாந்தன்


மார்க்ஸ் டோர்மோய்
22.03.2016

ஆர்ஜொந்தெய்யில் வசிக்கும் திரு. பிரசாந்தன் அவர்கட்கு,

தாங்கள் நலமாக இருப்பீர்கள். நானும் இருக்கிறேன். பிள்ளையைத் தகப்பனுக்கு எதிராகத் திருப்பிவிடுகிறவர்களுக்கு நலத்தில் ஒரு குறையும் வருவதில்லை.

நேற்றுத் தங்கள் கலைக்கூடத்துக்கு நேரில் போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன். அந்த அன்-லோர் என்னைக் கண்டதும் எழுந்து கை தந்து, கதிரை போட்டு, கோப்பி தந்தாள். நான் மூன்றாவது வசனத்திலேயே சத்தம் போட்டேன். அவள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "உங்கள் கைகள் நன்றாகப் பேசுகின்றன, செவ்வாய்க்கிழமைகளில் நீங்களும் வாருங்களேன்" என்கிறாள். முப்பது வருடமாக இந்த நாட்டுக்காரரோடு பழகுகிறேன், இப்படி ஒரு மரியாதைக் குறைவை நான் கண்டதில்லை. அந்த ஆள் நான்தானே என்று நேரடியாகக் கேட்டேன். "யாருடைய அசைவு என்று எனக்கும் தெரியாது, உங்கள் தம்பியைக் கேளுங்கள்" என்றாள். கேட்க என்ன இருக்கிறது? தெரு முழுக்கத் தெரிந்ததை நான் உன்னிடம் வந்து கேட்க வேண்டுமா?

ஐயாவின் திதி என்று தெரிந்துதான் ஒப்புக்கொண்டாய் என்று எழுதியிருக்கிறாய். நெறியாக வாழ்ந்த மனிதர். சங்கக்கடையில் ஒரு குறை சொல்ல ஆளில்லை. அவர் நடந்து வந்தால் சந்தியில் நின்றவர்கள் சால்வையை இறக்குவார்கள். அப்படிப்பட்டவரின் நாளில், அவர் பெற்ற ஒரு பிள்ளை, அவர் பெற்ற இன்னொரு பிள்ளையை அந்நியருக்கு முன்னால் ஆடிக் காட்டுகிறான். ஐயா இருந்திருந்தால் உன்னை என்ன செய்திருப்பார் என்று உனக்குத் தெரியும்.

இப்படிக்கு, தங்களுக்கு முன்னால் பிறந்த பாவத்துக்காக

தவரத்தினம்


ஆர்ஜொந்தெய்
03.04.2016

அண்ணைக்கு,

சுகம் விசாரித்து இந்தக் கடிதத்தை நீட்ட எனக்கு மனமில்லை.

ஐயா இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும் என்று எழுதியிருந்தீர்கள். ஓம், தெரியும். முதலில் மணிக்கூட்டைக் கழற்றியிருப்பார்.

நான் ஆடுவது உங்களை இல்லை. ஐயாவை.

ஒழுங்கை மீறிச் சொல்லிவிட்டேன். அங்கே ஒருவருக்கும் சொல்லவில்லை. அன்-லோர் அசைவு கேட்ட அன்று நான் உங்களை நினைக்கவே இல்லை. கண்ணை மூடினேன், கை தானாகப் பட்டிக்குப் போனது. அது ஐயாவின் கை. முதல் நாள் மேடையில், நான் குனிந்து மணிக்கூட்டை வைத்தபோது பின்வரிசையில் எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. வெளியே வந்த பிறகு மரியரட்ணம் அண்ணை தோளில் தட்டி, "தவத்தாரை அப்பிடியே உரிச்சு வைச்சிட்டாய்" என்றார். உங்களிடம் வேலை செய்த காலம் முழுக்க எனக்கு ஏன் அந்தப் பயம் வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் உங்களைக் கேலி செய்யவில்லை. நீங்கள்தான் உங்களைக் கண்டுபிடித்தீர்கள்.

பிரசாந்தன்


ஆர்ஜொந்தெய்
08.05.2016

அண்ணைக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாகப் பதில் இல்லை. அண்ணி வசந்தரூபிக்குத் தொலைபேசி எடுத்து, "உங்கடை அண்ணை கடையிலை ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை, வீட்டிலையும் கதைக்கிறேல்லை" என்று அழுதாவாம். உடம்புக்கு வருத்தம் ஏதாவது என்றால் தெரிவியுங்கள்.

நான் எழுதியதில் ஒரு சொல்லையும் திருப்பி எடுக்கமாட்டேன். ஆனால் இதையும் எழுதிவிடுகிறேன். இந்த நாட்டில் எனக்கு என்று இருக்கிற ஒரே ஆள் நீங்கள். திவசத்தன்று உங்கள் பக்கத்தில் நிற்பது எனக்கு ஐயாவுக்காக இல்லை, உங்களுக்காக. அதை இழக்க எனக்கு விருப்பமில்லை. ஆட்டத்தையும் விடமாட்டேன். காலையில் வந்து உங்கள் பக்கத்தில் நின்றுவிட்டு, மாலையில் போய் ஆடுவேன். வரட்டா, வேண்டாமா என்று ஒரு சொல் எழுதுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுதுங்கள். பேசாமல் இருந்து கொல்லாதீர்கள்.

பிரசாந்தன்


மார்க்ஸ் டோர்மோய்
22.05.2016

பிரசாந்தனுக்கு,

எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அண்ணி சும்மா அழுவாள்.

போன செவ்வாய்க்கிழமை உங்கள் ஒத்திகைக்கு வந்தேன். கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறீர்கள், யாரும் வரலாம் என்று எழுதியிருக்கிறது. பின்னால் சுவரோடு நின்றேன். நீ என்னைக் காணவில்லை. உன் பகுதி முடிந்ததும் போய்விட்டேன்.

நீ பிழையாக ஆடுகிறாய்.

நடை சரி. தோள் சரி. பட்டியைக் கழற்றுகிற விரல் அச்சு அசல் அவர்தான். ஆனால் ஐயா மணிக்கூட்டைத் தரையில் வைக்கிற ஆள் இல்லை. அது அம்மாவின் தகப்பன் கல்யாணத்துக்குக் கட்டிவிட்ட மணிக்கூடு. அதில் தூசி படவிடமாட்டார். கழற்றி என்னிடம்தான் தருவார். "தம்பி, பிடி" என்பார். நான் இரண்டு கையாலும் வாங்க வேண்டும். கண்ணாடியில் விரல் படக் கூடாது, பட்டியில் மட்டும் பிடிக்க வேண்டும். அவர் அம்மாவை அடித்து முடிக்கும்வரை நான் பிடித்துக்கொண்டு நிற்பேன். அம்மா என்னைப் பார்க்கமாட்டா. முடிந்ததும் ஐயா கையை நீட்டுவார். நான் கட்டிவிடுவேன். பிறகு அவர் முகம் கழுவிக்கொண்டு சங்கக்கடைக்குப் போவார்.

நீ அப்போது பிறக்கவே இல்லை. பிறகும் கைக்குழந்தை. உனக்கு என்ன தெரியும்? எங்கேயோ கேட்டதையும் பார்த்ததையும் சேர்த்து ஆடிவிட்டு, ஐயா என்கிறாய். ஐயாவை அறிந்தவன் நான். ஆடுவதானால் நடந்ததை ஆடு, இல்லாவிட்டால் விடு.

திவசத்துக்கு வரலாமா என்பதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்று தெரியும்.

தவரத்தினம்


ஆர்ஜொந்தெய்
30.05.2016

அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இன்று வேலைக்குப் போகவில்லை. வசந்தரூபி என்ன என்று கேட்டாள். கடிதத்தைக் கொடுத்தேன்.

நான் பிழையாக ஆடவில்லை அண்ணை. நீங்களும் பொய் எழுதவில்லை. நீங்கள் பிரான்சுக்கு வெளிக்கிட்டபோது நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தேன். அந்த நாள் எனக்கு நல்ல நினைவு. அதற்குப் பிறகு மணிக்கூட்டைப் பிடிக்க வீட்டில் ஆளில்லை. முதல் முறை ஐயா கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். நீங்கள் நிற்கிற இடத்தைத்தான் பார்த்தார். என்னிடம் தந்திருக்கலாம். தரவில்லை, ஏனென்றால் அன்று அடி எனக்கு. அம்மாவிடமும் தரமுடியாது, அடுத்தது அம்மாவுக்கு. குனிந்து தரையில் வைத்தார். பிறகு எப்போதும் தரையில்தான் வைத்தார். நான் விழுந்து கிடக்கிற உயரத்தில் அது ஓடுகிற சத்தம் கேட்கும்.

நீங்கள் போய்விட்டீர்கள். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் கோட்டுப் போட்டுக்கொண்டு படம் எடுத்து அனுப்பினீர்கள், ஐயா அதைச் சட்டம் போட்டு மாட்டினார். இருபது வயதில் தப்பிப் போனதுக்கு நான் உங்களைக் குறை சொல்லமாட்டேன். யாரும் போவார்கள். ஆனால் அவரை நெறியான மனிதர் என்று எனக்கு எழுதினீர்களே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை. அவரை அப்படியே உங்கள் கையில் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டு, ஒவ்வொரு வருடமும் அவருக்கு வடையும் பாயசமும் படைக்கிறீர்கள். நான் பக்கத்தில் நின்று கும்பிடுகிறேன். எனக்கு அது வெட்கமாக இருக்கிறது. இவ்வளவு காலமும் வெட்கமாக இருந்தது.

திவசத்துக்கு நான் வரவில்லை. நீங்கள் பதில் சொல்ல வேண்டிய தேவை இல்லை.

பிரசாந்தன்


மார்க்ஸ் டோர்மோய்
14.06.2016

பிரசாந்தனுக்கு,

சுகம் கேட்டு எழுத எனக்கும் இப்போது முடியவில்லை. அண்ணியின் முழங்காலுக்கு ஊசி போட்டிருக்கிறார்கள், வசந்தரூபி கேட்டால் சொல்.

ஒரு நாள் வேலையால் வந்து, குளிக்கத்தான், மணிக்கூட்டைக் கழற்றினேன். நீ எழுதியது நினைவில் வந்து திரும்பிப் பார்த்தேன். மிருணாளினி சோபாவில் இருந்து எழுந்து, புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். கதவைச் சத்தம் வராமல் மூடினாள். பிறகு அவளைக் கூப்பிட்டு, "நான் உன்னை எப்பவாவது அடிச்சிருக்கிறனா?" என்று கேட்டேன். அவள் பிரெஞ்சில் பதில் சொன்னாள். நீளமாகச் சொன்னாள். அவள் என்னோடு அவ்வளவு நீளமாகப் பேசியது எனக்கு நினைவில்லை. பாதி எனக்கு விளங்கவில்லை. திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்கவும் துணிவு வரவில்லை.

உன் ஆட்டத்துக்கு நான் வரமாட்டேன். எனக்கு அது பிடிக்கவில்லை, எப்போதும் பிடிக்கப்போவதில்லை. நடந்ததெல்லாம் வீட்டுக்குள் நடந்தது. அதை நீ தெருவுக்குக் கொண்டுவந்தாய். மரியரட்ணம் இன்னும் வாசலில் நின்று பகிடி விடுகிறார். நீ அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்டாலும் நான் தரமாட்டேன். நீயும் எனக்கு ஒன்றையும் மன்னிக்க வேண்டாம்.

26ஆம் திகதிக்கு ஐயரைச் சொல்லி வைத்திருந்தேன். நேற்றுக் கோயிலுக்குப் போய், அவரை வர வேண்டாம் என்று சொன்னேன். "என்ன, ஊருக்குப் போறியளோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "மூத்த பிள்ளை உயிரோடை இருந்துகொண்டு திவசத்தை விடக் கூடாது, பெத்த தகப்பன் பட்டினியிலை நிப்பார்" என்றார். "ஓம், நிப்பார்" என்றேன். அண்ணி நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. இனசனம் கேட்டால் என்ன சொல்வது என்று அவளுக்குப் பயம். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

இந்த வருடம் இல்லை. வருகிற வருடமும் இல்லை. அவருக்குச் சோறு வைக்க வேண்டும் என்று உனக்கு எப்போதாவது தோன்றினால் நீ வை. எனக்குக் கை வரவில்லை.

தவரத்தினம்